வீழ்த்தும் உண்மையும் எழுப்பும் உண்மையும்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டுஷயரில் உருவான ரேடியோஹெட் என்னும் ராக் இசைக்குழு 1995-இல் வெளியிட்ட ‘தி பெண்ட்ஸ்’ தொகுப்பில் ‘ஜஸ்ட்’ என்றொரு பாடல் உண்டு. அதற்கு ஜேமி த்ரேவ்ஸ் இயக்கிய காணொளி ஏறத்தாழ 4 நிமிடங்களே ஓடினாலும், மனிதரால் தாங்கவே முடியாத உண்மை என்று ஒன்று உண்டா, உண்டெனில் அதைப் பிறருக்குச் சொல்வது அறமாகுமா என்ற பழைய மெய்யியல் வினாவை அது மறுபடி எழுப்புகிறது.

லண்டன் தெருவொன்றில் கோட்டும் சூட்டும் அணிந்த ஒருவர் நடைபாதையின் நடுவே படுத்துவிடுகிறார். அவர்மீது இடறி விழுந்த வழிப்போக்கர் முதலில் உதவ முன்வருகிறார். உதவி வேண்டாம் என்று மறுக்கப்பட்டதும் காரணம் கேட்கத் தொடங்குகிறார். கூட்டம் கூடுகிறது, காவலரும் வந்து சேர்கிறார். பாடல் ஒலித்துக்கொண்டிருப்பதால் இவர்களுடைய பேச்சு காதில் விழுவதில்லை. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளாக, அதாவது சப்டைட்டிலாக, மட்டுமே அது கிடைக்கிறது. கேள்விகள் அதட்டலாக முற்றிய பிறகு, கேட்பது இன்னதென்று நீங்கள் அறியவில்லை என எச்சரித்து, இறைவனின் மன்னிப்பையும் வேண்டிக்கொண்டு, அவர் வாய் திறக்கிறார். உதடுகள் அசைகின்றன, அந்த நொடியில் எழுத்துகள் நின்றுவிடுகின்றன. அடுத்து, மேல்தளத்து அறையில் பாடிக்கொண்டிருந்த குழுவினர் சன்னல் வழியே பார்க்கும்போது, கேட்டவர் அனைவரும் தெருவில் படுத்துக் கிடக்கிறார்கள்.

அவர் சொன்னது என்ன என்பதை இயக்குநரும் குழுவினரும் வெளியிட மறுத்தே வந்துள்ளனர். உதட்டசைவிலிருந்து அதை ஊகிக்க ரசிகர்கள் பலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் எந்த வாக்கியத்தை அங்கே இட்டு நிரப்பினாலும் அது போதாமலே இருக்கும். சாவு உறுதி என்பதும், வாழ்வுக்குப் பொருளில்லை என்று சிலர் சொல்வதும் அந்த வழிப்போக்கர்கள் முன்பே கேட்டறிந்தவை. அறிந்த பின்னும் அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே அவர்களை வீழ்த்தியது புதிய தகவலாக இருக்க இயலாது. அறிவளவில் ஏற்றுக்கொண்ட ஒன்று உயிர்வரை சென்று தைப்பது வேறு நிகழ்வு. காணொளி காட்டுவது அதையே.

கிரேக்க மரபில் இதற்கு முன்னோடி உண்டு. மைதாஸ் அரசன், மது தெய்வமான தியோனிசஸின் தோழர் சைலீனஸைப் பிடித்து, மனிதருக்கு எது மிக நல்லது என்று வற்புறுத்திக் கேட்டபோது, நெடுநேரம் பேசாதிருந்த சைலீனஸ், பிறவாமையே சிறந்தது, பிறந்துவிட்டால் விரைவில் இறப்பதே அடுத்தது என்று விடையளித்ததாகக் கதை. 1872-இல் வெளியான ‘துன்பியலின் பிறப்பு’ என்னும் தம் நூலில் இக்கதையை எடுத்தாண்ட மெய்யியலாளர் நீட்சே, வாழ்வின் கொடுமையை அறிந்திருந்த கிரேக்கர் அதை அறிந்தபடியே வாழும் பொருட்டுத் தெய்வங்களையும் கலையையும் படைத்துக்கொண்டனர் என்று விளக்கினார்.

தாங்க முடியாத உண்மையைப் பிறருக்குச் சொல்லலாமா என்ற வினாவுக்குப் பௌத்தம் தரும் விடை இன்னும் ஆழமானது. பாலி மொழியிலுள்ள ஆயாசன சுத்தம் என்னும் பௌத்த நூற்பகுதியின்படி, ஞானம் பெற்ற புத்தர், பற்றில் திளைக்கும் மக்களுக்குத் தம் தர்மம் விளங்காது என்று எண்ணிப் பேசத் தயங்கினார். கண்ணில் சிறிதளவே தூசு படிந்தவர்களும் உலகில் உண்டு என்று பிரம்ம சகம்பதி என்னும் தேவர் வேண்டிய பிறகே போதிக்க இசைந்தார். நடைபாதையில் கிடந்தவர் தயங்கியது கேட்பவர் வீழ்ந்துவிடுவார்கள் என்பதால்; புத்தர் தயங்கியது கேட்பவருக்குப் புரியாது என்பதால். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்கு அவர் முதலில் உரைத்ததும் ஆறுதல்மொழி அன்று. பிறப்பும் மூப்பும் நோயும் சாவும் துக்கம் என்பதே அங்கே முதல் வாய்மை. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் கேட்டவர்களும் படுத்திருக்கக்கூடும். துக்கத்துக்குக் காரணம் உண்டு, அதற்கு முடிவு உண்டு, அம்முடிவை அடைய எட்டு உறுப்புகள் கொண்ட வழி உண்டு என மேலும் மூன்று வாய்மைகளை அவர் சேர்த்துச் சொன்னதால், கேட்டவர்கள் எழுந்து நடந்தார்கள்.

காணொளியில் சொல்லப்பட்டது பொய்யென்று கருத வேண்டியதில்லை. அது முதல் வாய்மையோடு நின்றுபோன உண்மை, எனவே முழுமை பெறாத உண்மை. அதைச் சொன்னவருக்கு இருக்கும் பொறுப்பு, அவரிடமிருந்து பிடுங்கிக் கேட்டவர்களுக்கும் உண்டு: அவர்கள் நூறு கேள்வி கேட்டார்களே ஒழிய, ஒருவரும் அவர் அருகில் பேசாமல் சற்று அமர்ந்திருக்கவில்லை. துயரத்தை உள்ளபடி உரைப்பது அறமே; ஆனால் அதை உரைப்பவர், கேட்டவர் எழுந்து நிற்கும்வரை உடனிருக்கக் கடமைப்பட்டவர்.