சிரமதானமும் இளைஞர் பங்கேற்பும்: ஓர் அறவியல் நோக்கு

பிரதேச அபிவிருத்தியைப் பற்றிப் பேசுவோர் யாவரும் இளைஞரின் பங்களிப்பை வேண்டி நிற்கின்றனர். குளக்கட்டைத் திருத்தவும், சனசமூக நிலையத்துக்கு வெள்ளையடிக்கவும் இளைஞர் அழைக்கப்படுகின்றனர். எக்குளத்தை முதலில் திருத்துவது, எவ்வீதிக்கு நிதி ஒதுக்குவது என்பன தீர்மானிக்கப்படும் கூட்டத்துக்கு அவர்கள் அழைக்கப்படுவது அரிது. உழைப்பை மட்டும் வேண்டித் தீர்மானத்தில் இடமளியாத அழைப்பு அறமாகுமா என்பதே இங்கு எழும் வினா.

நமது நாட்டில் ஊதியமற்ற பொது உழைப்புக்கு நீண்ட வரலாறுண்டு. மன்னராட்சிக் காலத்து இராசகாரியம் நிலவுரிமையோடு பிணைந்த கட்டாய ஊழியமாகும். ஆங்கிலேயர் அதனைத் தமது தேவைகளுக்கும் பயன்படுத்திப் பின்னர் கோல்புறூக்கின் விதப்புரையை ஏற்று 1832இல் ஒழித்தனர். கட்டாயம் நீங்கியமை நன்றே. எனினும் கிராமக் குளங்களைப் பேணும் கூட்டு ஒழுங்கும் அதனோடு தளர்ந்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழமைகளுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது. கட்டாயத்தை நீக்கினால், அதனிடத்தை நிரப்ப வேறொரு பிணைப்பு வேண்டும் என்பதையே இது உணர்த்துகின்றது.

ஏறத்தாழ நூறாண்டுகளின் பின் அப்பிணைப்பைக் கொடையிற் கண்டது சர்வோதய சிரமதான இயக்கம். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் குருணாகல் மாவட்டத்துக் கிராமமொன்றுக்கு அழைத்துச் சென்று நடாத்திய முகாமே அதன் தோற்றுவாய். சிரமதானம் என்பது உழைப்பைத் தானமாக ஈதல். தானம் கொடுப்போன் விருப்பிலே பிறப்பது. எதனை, எதற்காகக் கொடுப்பதென்பதைப் பிறரே தீர்மானிப்பாராயின், அது ஊதியமற்ற ஊழியமாகவே எஞ்சும்.

தானஞ் செய்வோன் உரிமை கோரலாமா எனச் சிலர் வினவக்கூடும். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது உதவிக்கு விரைந்த இளைஞர் தீர்மானத்திற் பங்கு கேட்டுக் காத்திருக்கவில்லை, காத்திருந்தால் பழிக்குரியோராயிருப்பர். ஆனால், ஆபத்து வேளையிற் செய்யத்தக்கது எதுவென்பது யாவர்க்கும் தெளிவு. அபிவிருத்தி அத்தகையதன்று. வாய்க்காலை எத்திசையில் வெட்டினால் எவரது வயல் முதலில் நீர்பெறும் என்ற வழக்கு அங்கே உண்டு. காணியற்றவனின் மகன் வெட்டும் வாய்க்கால் காணியுடையவனின் வயலுக்கே பாயுமாயின், அவ்விளைஞனின் தன்னலமின்மை அநீதிக்குத் துணைபோகின்றது. எனவே, தீர்மானத்திற் பங்கு கேட்பது கொடைக்குக் கூலி கேட்பதாகாது; கொடை நீதியான வழியிற் செல்கின்றதா என்று காக்கும் பொறுப்பாகும்.

பல்கலைக்கழக மாணவராகிய நமக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். விடுமுறையில் மண்வெட்டியோடு ஒரு கிராமத்துக்குச் செல்லும் நாம் அவ்வூருக்கு விருந்தினரே. எது தேவையென்பதை நாமே முடிவுசெய்துகொண்டு செல்வோமாயின், அதிகாரிகள்மீது நாம் சுமத்தும் அதே குற்றத்தை அவ்வூர் இளைஞர் நம்மீது சுமத்தலாம். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அமர்ந்து கேட்பதும், அவ்வூர் இளைஞரின் குரலுக்கு அங்கே இடம் கிடைக்கச் செய்வதும் மண்வெட்டியைத் தூக்குவதற்கு முந்திய கடமைகள். அவ்வாறே, தீர்மானத்திற் பங்குபெற்ற இளைஞன் உழைப்பிலிருந்து நழுவுதலும் முறையன்று. தான் உடன்பட்ட முடிவின் சுமையைத் தன் தோளிலும் ஏற்பவனே பிரதேசத்தின் அபிவிருத்தியிற் பங்காளனாகின்றான்.