ஒரே குவளை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போய்சி நகரம். ஆடு மேய்க்க வந்து தங்கிப்போன பாஸ்க் மக்கள் 1949இல் கட்டிய பண்பாட்டு மையம் அங்கே இருக்கிறது. அதிலேயே ஒரு மதுக்கூடம். போய் உட்கார்ந்தேன். யாரு, எந்தத் தெருவுன்னு ஒருத்தரும் கேட்கலை. எல்லோருக்கும் வைத்த அதே குவளைதான் எனக்கும். டீக்கடையில் தனிக்குவளை பார்த்து வளர்ந்த எனக்கு இது சின்ன விஷயமில்லை.

ஸ்பெயினில் பிராங்கோ ஆட்சியில் (1939-1975) நசுக்கப்பட்ட மொழி அவர்களுடையது. அதனால் மனசு சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஆனால் அதே பாஸ்க் மண்ணில், நவார்ரா மலைப்பகுதியில், பொசாத்தே என்றொரு சேரி இருந்தது. அகோத்தே மக்களின் சேரி. ஊராருக்கும் அவர்களுக்கும் ஒரே மொழி, ஒரே மதம். ஆனாலும் தேவாலயத்தில் அவர்களுக்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. சமமாக நடத்துங்கள் என்று 1515இல் போப்பாண்டவர் 10ஆம் லியோ ஆணையிட்டார். அதற்குப் பிறகும் சில நூற்றாண்டுகள் ஊர் அசையவில்லை.

அடக்கப்பட்ட இனம் என்பதாலேயே ஓர் இனம் நியாயவானாகிவிடுமா? ஆகாது. பட்ட அடியைச் சொல்கிறவன் கொடுத்த அடியையும் சொல்லணும். மொழியால் நாமெல்லாம் ஒன்று என்று நம்மூர் மேடையில் முழங்குகிறவர்களிடமும் நாம் கேட்பது இதைத்தான்.

அகோத்தே வழிவந்த சிற்பி ஷாபியேர் சான்சொத்தேனா பொசாத்தேயிலேயே தன் மக்களின் வரலாற்றுக்கு அருங்காட்சியகம் அமைத்தார். யாரும் எழுதித் தருவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை.

குவளை ஒன்றானால் மட்டும் போதாது. அந்தக் கதையும் அதே மேசைக்கு வரணும்.