பதினைந்து விநாடிகள்

ஒருவன் நெற்றியில் துளையிடும் இயந்திரம் இறங்குகிறது, முகமெல்லாம் ரத்தம். 1982-ல் பிரிட்டனின் வீடியோ கடைகளில் இருந்த 'தி டிரில்லர் கில்லர்' கேசட்டின் அட்டைப்படம் இது. படத்தைப் பார்க்காதவர்களும் அட்டையைப் பார்த்துக் கொதித்தார்கள். திரையரங்கப் படங்களுக்கு 1912 முதலே தணிக்கை வாரியம் இருந்தது. வாடகைக்கு வீட்டுக்கு வரும் கேசட்டுக்கோ எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. பத்திரிகைகள் இத்தகைய படங்களுக்கு 'வீடியோ நாஸ்டி' என்று பெயர் சூட்டின. அரசு வழக்குத் தொடர்வு இயக்குநர் தயாரித்த பட்டியலில் ஒரு கட்டத்திலோ இன்னொரு கட்டத்திலோ 72 படங்கள் இடம்பெற்றன. அவற்றில் 39 படங்கள் நீதிமன்றத்தில் குற்றத்துக்குரியவையாகத் தீர்ப்பாயின. கடைகளில் சோதனை போட்ட காவல்துறை, தலைப்பை மட்டும் பார்த்து ஓர் இசை நகைச்சுவைப் படத்தையும் அள்ளிச் சென்றது. 1984-ல் கேசட்டுகளுக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கும் வீடியோ பதிவுச் சட்டம் வந்தது.

அன்று தடை கேட்டவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயம் ஆகாது. திரையரங்க வாசலில் வயது கேட்டுத் தடுக்க ஓர் ஆள் இருப்பார். பெற்றோர் வேலைக்குப் போன வீட்டின் கூடத்தில் யார் இருக்கிறார்? பத்து வயதுப் பிள்ளை தானே கேசட்டைச் செருகிப் பொத்தானை அமுக்கிவிட முடியும். அந்தக் கவலை பொய்யில்லை. பிள்ளைக்கான கவலையைப் பெரியவர்களுக்கான சட்டமாக்கியபோதுதான் சிக்கல் பிறந்தது.

'வீடியோ நாஸ்டி' வழக்குகள் 1959-ம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் நடந்தன. ஒரு படைப்பு தன்னை நாடி வருபவர்களின் மனத்தைக் கெடுத்துச் சீரழிக்குமா என்பதே அதன் அளவுகோல். இதே சட்டத்தின்கீழ் 1960-ல் 'லேடி சாட்டர்லி' நாவல்மீது வழக்கு நடந்தபோது, உங்கள் மனைவியோ வேலைக்காரரோ இதைப் படிப்பதை விரும்புவீர்களா என்று அரசு வழக்கறிஞர் நடுவர் குழுவிடம் கேட்டார். தடை கேட்கும் மனத்தின் அடித்தளம் அந்தக் கேள்வியில் தெரிகிறது. கெட்டுப்போவது எப்போதும் அடுத்தவர்தான். தணிக்கையாளர் வருடக்கணக்கில் இதே காட்சிகளைப் பார்த்துவிட்டு மாலையில் அமைதியாக வீடு திரும்புவார். அவர் மனம் கெடாதாம், தொழிலாளியின் மனம் கெட்டுவிடுமாம்.

1993-ல் லிவர்பூலில் இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்றார்கள். வன்முறை வீடியோக்களும் காரணமாக இருக்கலாம் என்றார் நீதிபதி. பத்திரிகைகள் ஒரு பேய்ப்பொம்மைப் படத்தைக் குறிவைத்தன. சிறுவர்கள் அதைப் பார்த்ததற்குக் காவல்துறைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே வீடியோ சட்டம் இறுக்கப்பட்டது. வீட்டையும் பள்ளியையும் வறுமையையும் விசாரிப்பது கடினம். கேசட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம்.

அருவருப்பு தருவதாலேயே ஒரு படைப்பு அறம் கெட்டதாகிவிடுமா? தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் இளிவரலும் உண்டு. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் குடிக்கின்றன. அதைப் படித்த யாரும் கூழ்ப்பானையோடு சுடுகாட்டுக்குக் கிளம்பியதில்லை.

பிரிட்டனிலும் பிடி மெல்லத் தளர்ந்தது. 1975-ல் சான்றிதழ் மறுக்கப்பட்ட 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' 1999-ல் ஒரு வெட்டும் இல்லாமல் வெளிவந்தது. உண்மையில் அதில் வெட்டி எடுக்கும்படியான ரத்தக் காட்சிகள் குறைவு. படம் முழுக்கப் பரவிய அச்சத்தை எந்தக் கத்திரியால் வெட்டுவது? 'தி ஈவில் டெட்' 2001-ல் முழுமையாக வந்தது. இது முற்றிலும் மனசாட்சியின் வெற்றி என்று சொல்ல முடியாது. இணையம் வந்தபின் தடைக்குப் பலமில்லை. பழைய ஒப்பனை ரத்தமும் இன்றைய கண்ணுக்குச் சாயமாகவே தெரிகிறது.

ஆனாலும் தணிக்கை கேட்கும் கேள்வி உண்மையாகவே மாறியது. இத்தாலிய இயக்குநர் ருஜெரோ தெயோதாத்தோவின் 'கானிபால் ஹோலோகாஸ்ட்' (1980) அதற்குச் சாட்சி. நடிகர்களை நிஜமாகவே கொன்று படமெடுத்தாரோ என்ற சந்தேகத்தில், அவர்கள் உயிரோடிருப்பதை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் வாரியம் 2001-ல் இப்படத்திலிருந்து ஏறத்தாழ ஆறு நிமிடங்களை நீக்கியது. 2011-ல் நீக்கியது 15 விநாடிகள் மட்டுமே. மனிதர்கள் வதைபடும் காட்சிகள் இருந்துவிட்டன, அவை நடிப்பு. நீக்கப்பட்டது, ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்த கோவாட்டி என்ற சிறு விலங்கைக் கத்தியால் கொல்லும் காட்சி. அது நடிப்பில்லை. விலங்கை வதைத்து எடுத்த காட்சியைத் தடுக்கும் 1937-ம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் உண்டு. விரைவாக முடிந்த வேறு விலங்குகளின் சாவுகள் படத்தில் இன்னும் இருக்கின்றன என்பதால் இந்தத் தீர்ப்பும் குறையற்றதன்று. ஆனால் திசை சரி.

பார்ப்பவர் கெடுவாரோ என்ற ஊகத்திலிருந்து, படமெடுக்கையில் யார் வதைபட்டார் என்ற உண்மைக்குத் தணிக்கை நகர்ந்ததே இந்த முப்பதாண்டுக் கதையின் அறம். வயது வந்தவர் எதைப் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். பிள்ளைக்கு எதைக் காட்டுவது என்பதை வீடும் சான்றிதழும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். சட்டத்தின் கத்திரி, படமாக்கும்போது ஓர் உயிர் மெய்யாக அலறிய இடத்தில் மட்டும் விழட்டும்.