சுங்கை சிப்புட் முதல் கமுந்திங் வரை

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட், எல்பில் தோட்டம். ஆட்கள் ரப்பர் பால் வெட்டப் போய்விட்ட வேளை, மணி எட்டரை இருக்கும். சைக்கிளில் வந்த மூன்று பேர் ஆபீசுக்குள் நுழைந்து துரையைச் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் அக்கம்பக்கத்து இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு துரைமார் பலியானார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும் அதிகாரம் அரசின் கைக்கு வந்தது. அன்றைய பயம் உண்மையான பயம். அதை நான் மறுக்கவில்லை. பயம் தீர்ந்த பிறகு அந்த அதிகாரம் எங்கே போனது என்பதே என் கேள்வி.

அது எங்கும் போகவில்லை. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது; மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நாம் இசா என்போமே, அது அமலுக்கு வந்தது. போலீஸ் 60 நாள் பிடித்து வைக்கலாம். பிறகு அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு, அதையும் நீட்டிக்கொண்டே போகலாம். கம்யூனிஸ்டுகளுக்காகத்தான் என்றார்கள். ஆனால் 1987இல் ஆப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் பிடிபட்டவர்களில் எதிர்க்கட்சித் தலைவர்களான கர்ப்பால் சிங்கும் நம் பி. பட்டுவும் இருந்தார்கள். 2007 டிசம்பரில் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர் தைப்பிங் பக்கத்துக் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். அவர்களில் யார் துப்பாக்கி ஏந்தியவர்? 2011இல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமாரே, 1969 கலவரத்தை ஒட்டி வந்த வேறோர் அவசரச் சட்டத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் அடைபட்டுக் கிடந்தார்.

நல்லவர் கையில் இருந்தால் பயமில்லை என்பார்கள். இசாவுக்குப் பதிலாக 2012இல் வந்த சொஸ்மா என்னும் பாதுகாப்புச் சட்டத்தின் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று சொல்லி 2018இல் வாக்குக் கேட்ட கூட்டணி ஆட்சிக்கு வந்தது. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பெயரில் அதே சொஸ்மாவில் 12 பேர் கைதானார்கள். அவர்களில் இருவர் அந்தக் கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்கள். சில மாதங்களில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஆட்சியில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல என் வாதம். எட்டும் இடத்தில் இருக்கும் அதிகாரத்தை, அவசரம் என்று தோன்றும்போது எடுக்காத கை அபூர்வம். ஆளைப் பார்த்துச் சட்டம் எழுதினால் நாளை வருகிற ஆளுக்கும் அது பொருந்திவிடும்.

பயங்கரவாதம் இன்றும் இருக்கிறதே, போலீசுக்கு அதிகாரம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அது எந்த நாளில் காலாவதியாகும் என்பது சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். சொஸ்மாவில் 28 நாள் தடுத்து வைக்கும் பிரிவுக்கு மட்டும் அப்படி ஒரு கெடு உண்டு. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச்சில் அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று இரண்டே வாக்கில் தோற்றது. பலர் அன்று அவைக்கே வரவில்லை. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ஆனாலும் அதற்காக அவர்கள் அவையில் எழுந்து காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்பதும் பதிவாயிற்று. இசா இருந்த அரை நூற்றாண்டில் அதற்கு அப்படி ஒரு கெடு நாள் வந்ததே இல்லை.