பொருத்தமான இடம் யாருக்கு?

ஓரிடத்தில் நிலைத்துத் தங்காத ஜனங்களுக்கு இடம் ஒதுக்கும்போது சர்க்கார் பார்ப்பது சாலை, செலவு, காவல். குடியிருக்கப் போகிறவனை யார் கேட்கிறார்கள்?

நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால் வாழும் செமாய் மக்களைப் பாருங்கள். மரவள்ளியும் மலைநெல்லும் பயிரிட்டு, மண் ஓய்ந்தால் வேறிடம் போவது அவர்கள் பழைய வழக்கம். 1948-ல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிடைக்கக் கூடாதென்று, பூர்வகுடிகள் பலரைக் காட்டிலிருந்து இறக்கி முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். அதிகாரிகளுக்கு அது பொருத்தமான இடந்தான். வெக்கையும் பழகாத உணவும் நோயுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

பிறகுதான் புத்தி வந்தது. 1950-களில் காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டினார்கள். நம் பக்கத்துத் தெலானோக் அவற்றில் ஒன்று. மருந்தும் கடையும் ஜனங்களைத் தேடிப் போயின. (கடைக்காரனுக்கு இது புதிதல்ல, வாடிக்கைக்காரன் இருக்குமிடத்தில்தானே கடை போடுவோம்!) அதுவும் யுத்தத்துக்காகச் செய்ததுதான், தர்மமென்று நான் சொல்லவில்லை.

பின்னாளில் பெத்தாவ் போன்ற மறுகுடியேற்றத் திட்டங்கள் வந்தன. “வீடு கிடைத்ததே, இன்னும் என்ன குறை?” என்கிறார்கள் நம்மவர் சிலர். வேலை உள்ளவரைதான் லயத்து வீடு என்று வாழ்ந்த ஜனங்கள் கேட்கும் கேள்வியா இது?