வந்து படிந்த துரு

பினாங்கில் வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் ஏதோ ஒரு காலையில் அந்தப் புள்ளிகளைக் கண்டிருப்பார்கள். கழுவித் துடைத்த காரின் மேல் வெயில் சாய்வாக விழும்போது, ஊசிமுனை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. முன்புறத்தில் ஒன்றிரண்டாக இருப்பவை, பின்கதவின் கீழ்ப்பகுதியில் கூட்டமாகவே இருக்கும். தவணைகூட இன்னும் முடியாத கார். அதற்குள் துருப்பிடித்துவிட்டதே என்று மனம் பதைக்கிறது. விற்றவரை நொந்துகொள்கிறோம், கடற்காற்றை நொந்துகொள்கிறோம், அந்தக் காரைத் தயாரித்தவர்களையே சந்தேகிக்கிறோம்.

அந்தத் துரு காருடையது அன்று.

சாலையில் ஓடும் கார்களின் சக்கரங்களுக்குள் வார்ப்பிரும்புத் தட்டுகள் சுழல்கின்றன. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவை சிறிது தேய்கின்றன. தேய்ந்த இரும்பு நுண்தூளாகிச் சூட்டோடு பறக்கிறது. தண்டவாளத்தில் ரயில் சக்கரம் உராயும் இடத்திலும், இரும்பைச் சாணை பிடிக்கும் பட்டறையிலும், எஃகை உருக்கும் ஆலையிலும் இதுவே நடக்கிறது. அந்தத் தூள் அருகே நிற்கும் வண்டியின் மேற்பூச்சில் வந்து பதிகிறது. பிறகு மழையும் உப்புக் காற்றும் தம் வேலையைத் தொடங்குகின்றன. துருவாக மாறும் இரும்பு தன் பழைய அளவைவிடப் பருக்கும். ஆகவே அமர்ந்த இடத்தை அகலமாக்கிக்கொண்டு தன்னைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தைக் கசியவிடுகிறது. பூச்சுக்கு அடியில் காரின் தகடு நலமாகவே இருக்கிறது. எங்கிருந்தோ வந்து அமர்ந்த இரும்புதான் அங்கே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கிருந்து என்று கேட்டால் பதில் சொல்வது எளிதன்று. 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் காலையும் மாலையும் நாம் மிதித்தும் விட்டும் மிதித்தும் நகர்கிறோம். 2014-இல் 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாம் பாலம் வந்த பிறகும் அந்த வரிசை ஓய்ந்துவிடவில்லை. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் ரயில் நிலையம் இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பிறைத் தொழிற்பேட்டை. அந்தப் பிறையில்தான் 1967-இல் மலாயாவாத்தா எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ஊதுலைக்கு எரிபொருளானது பால்மரக் கரி. தோட்டங்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் எழுந்து சீவிய மரங்கள், பால் வற்றி முதிர்ந்தபின் வெட்டப்பட்டுக் கரியாகி இரும்பை உருக்கின. இந்த நாட்டின் இரும்பில் நம் உழைப்பின் சூடும் கலந்திருக்கிறது. ஒரு புள்ளியைச் சுட்டி, இது இன்ன சக்கரத்திலிருந்து வந்தது, இன்ன உலையிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லோருடைய போக்குவரத்தும் எல்லோருடைய பிழைப்பும் சேர்ந்து காற்றில் கலந்து, யாரோ ஒருவருடைய காரின் மேல் இறங்குகின்றன.

அதை நீக்கும் வேலையை ஒருமுறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். காரை நிழலில் நிறுத்தி, கழுவி, சூடு தணிந்தபின் நிறமில்லாத ஒரு திரவத்தைத் தெளிக்கிறார்கள். முடி சுருட்டும் நிலையங்களில் மூக்கைத் துளைக்கும் அதே நெடி அடிக்கிறது; அங்கே பயன்படும் தயோகிளைகோலேட் என்னும் வேதிப்பொருள்தான் இங்கும் வேலை செய்கிறது. சற்று நேரத்தில், வெறும் கண்ணுக்கு மாசற்றதாகத் தோன்றிய இடங்களிலெல்லாம் ஊதாப் பொட்டுகள் மலர்கின்றன. பொட்டுகள் கோடுகளாகின்றன, கோடுகள் கதவின் மேல் வழிந்து தரையில் சொட்டுகின்றன. வெள்ளைக் காரிலிருந்து ஊதா நீர் வழிவதைக் கண்ட ஒருவர் பதறியபோது, வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பயப்படாதீங்கண்ணே, சாயம் போகல. இரும்புதான் போகுது."

அந்தப் பதிலில் ஒரு தத்துவத்தின் முழுப் பாரமும் இருக்கிறது. இதில் எது காருடையது, எது காருடையது அன்று என்று பகுத்தறிந்த பிறகே அந்தக் கை வேலையைத் தொடங்கியிருக்கிறது. திரவமும் அந்தப் பகுப்பை அறிந்தே நடக்கிறது. அது இரும்பைத் தேடிச் சென்று பற்றுகிறது. சாயத்தை அதன் போக்கில் விட்டுவிடுகிறது. நாமோ பெரும்பாலும் இந்தப் பகுப்பைச் செய்வதில்லை. ஒன்றன்மேல் கறையைக் கண்டதும், கறை அதன் இயல்பு என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டது. உயிரைப் பற்றிய மாசுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்று அது கண்டது. ஆணவம், செம்பில் களிம்புபோல, உயிரோடு என்றும் உடனிருப்பது. கன்மமும் மாயையும் பின்னர் வந்து சேர்வன. கூடவே இருந்ததையும் பின்னர் வந்ததையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பதில் அந்த ஆசிரியர்கள் உறுதியாக இருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். மாசை மாசாலேயே கழுவலாம் என்பதற்கு அவர் துணி வெளுப்பதைச் சான்றாகக் காட்டினார். சாணமும் உவர்மண்ணும் ஏற்றித்தான் ஆடையின் அழுக்கைப் போக்குகிறார்கள். அழுக்கோடு அவையும் போய்விடுகின்றன.

திரவத்துக்கும் அசையாத இரும்பை எடுக்க இன்றும் ஒருவகைக் களிமண்ணைத்தான் பூச்சின் மேல் நகர்த்துகிறார்கள் என்பதைக் காணும்போது, அந்தப் பழைய நூலின் நுட்பம் கண்முன் நிற்கிறது. நன்றாக வழுக்கும்படி நீர்மம் தெளித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் அந்த மண்ணை ஓட்ட வேண்டும். எடுத்த துகளைத் தன்னுள் வாங்கிக்கொண்ட மண்ணை மடித்துப் பிசைந்து புதுமுகம் காட்டாமல் மீண்டும் தேய்த்தால், முன்பு எடுத்த இரும்பே பூச்சைக் கீறும். தரையில் விழுந்த மண்ணைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தவே கூடாது. திருத்த வந்த கருவி, தான் திரட்டிய அழுக்கை மறந்துவிட்டால், திருத்தப்படுவதைக் காயப்படுத்தும். பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று நாற்பது வருடக் கோபத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசும் பெற்றோரும் ஆசிரியரும் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

காரின் மேலுள்ள நிறமற்ற பூச்சு ஒரு தலைமுடியின் பருமனைவிட மெல்லியது. அது ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளராது. புள்ளியைக் கண்ட ஆத்திரத்தில் சமையலறைத் தேய்ப்பானை எடுத்தவர்கள், புள்ளியோடு பூச்சையும் இழந்தார்கள். ஒரு வாரத்தில் தெரியாத சேதம் இரண்டு வருட வெயிலில் தெரிந்தது. அதற்காகப் புள்ளியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் அந்த இரும்பு பூச்சை அரித்துக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கும். தகட்டை அது என்றைக்குத் தொட்டுவிடுகிறதோ, அன்றிலிருந்து காரும் மெய்யாகவே துருப்பிடிக்கத் தொடங்குகிறது. அயலிலிருந்து வந்தது, உரிய காலத்தில் கவனிப்பாரின்றி, உடைமைக்காரனின் சொந்தக் குறையாகவே மாறிப்போகும் அந்த எல்லைக்கோடுதான் நம் சிந்தனையை அதிகம் உலுக்க வேண்டியது. தனக்குரியதல்லாத பழியைச் சுமந்தவன், அதை மறுத்து மறுத்துக் களைத்து, ஒருநாள் அந்தப் பழிக்கு ஏற்றவாறே வாழத் தொடங்கிவிடுவதை நாம் எத்தனை குடும்பங்களில் கண்டிருக்கிறோம்!

இந்தத் தீவு இதைத் தன் வரலாற்றிலேயே அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சாலைகளைப் போட்டவர்களில் அவர்களும் உண்டு. 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களிலும் அவர்களுடைய உழைப்பு நிற்கிறது. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் அப்போது இருந்தது. 1849-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. குற்றம் செய்தவரும் இருந்திருப்பார்கள், செய்யாதவரும் இருந்திருப்பார்கள். ஒரு நாளின் செயலை ஒரு வாழ்நாளின் முகமாக்கிவிட்ட அந்த ஊசி இரு சாராரையும் பிரித்துப் பார்க்கவில்லை. அவர்கள் எழுப்பிய தூண்களுக்கு வெள்ளையடித்துப் பேணுகிறோம். ஃபார்குவார் தெருவிலுள்ள அந்தத் தேவாலயத்தின் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அவர்களுடைய பெயர்களை நம்மில் யார் அறிவார்?

பச்சை குத்தும் ஊசி போய்விட்டது. தீர்ப்பெழுதும் பழக்கம் போகவில்லை. ஒரு மனிதரின் மேல் படிந்திருப்பவற்றுள் எவை அவருடைய செயலின் விளைவு, எவை அவர் பிறந்த வீட்டிலிருந்தும் வளர்ந்த தெருவிலிருந்தும் அவருடைய தந்தையின் தளர்ச்சியிலிருந்தும் ஆட்சியாளர்களின் அலட்சியத்திலிருந்தும் பறந்துவந்து அமர்ந்தவை என்று பகுத்துப் பார்க்கும் பொறுமை நமக்கு இருந்திருந்தால், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நகரத்தின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளை ஒரு தலைமுறைக் காலம் 'அவனுங்க அப்படித்தான்' என்ற இரண்டு சொற்களில் அடக்கியிருக்க மாட்டோம். அந்தச் சொற்களை வெளியார் மட்டும் சொல்லவில்லை. நம் வீட்டு விருந்துகளிலும் கோயில் மண்டபங்களிலும், நம் மொழியிலேயே, நாமேதான் சொன்னோம், இப்போதும் சொல்கிறோம்.

இதில் இன்னொரு கடினமான உண்மையும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பாலத்தில் என் முன்னால் போகும் வண்டியின் இரும்பு என் கார்மேல் படிகிறது என்றால், என் வண்டியின் இரும்பு பின்னால் வருபவரின் கார்மேல் படிகிறது. இதில் ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. விபத்தைத் தவிர்க்கவே பிரேக்கை மிதித்தோம்; பாதசாரிக்கு வழிவிடவே மிதித்தோம். நல்ல நோக்கத்தோடு செய்த செயலும் தேய்மானத்தை உண்டாக்குகிறது. அந்தத் தேய்மானம் எங்கோ சென்று யார்மேலோ தங்குகிறது. நம் கண்டிப்பு, நம் அவசரம், நம் பாதுகாப்புக்காக நாம் எடுத்த முடிவுகள் எல்லாம் நமக்குத் தெரியாத ஒருவரின் வாழ்வில் எத்தகைய புள்ளிகளை வைத்தன என்பதை நாம் பெரும்பாலும் அறியாமலே போய்விடுகிறோம். தன்மேல் படிந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர் குறைகூறிக்கொண்டே காலத்தைக் கழிக்கிறார். தன்னிடமிருந்து பறந்ததையும் எண்ணத் தெரிந்தவரிடமே இரக்கம் பிறக்கிறது, அந்த இரக்கம் பொறுப்பாகவும் முதிர்கிறது.

ஒருமுறை நீக்கியது மீண்டும் வராது என்று எந்தப் பட்டறையும் உறுதி தராது. சாலை இருக்கும்வரை இரும்பு பறக்கும். மின்சாரக் கார்கள் பெரும்பாலும் மோட்டாரைக் கொண்டே வேகத்தைத் தணிப்பதால் அவற்றின் பிரேக் குறைவாகத் தேய்கிறது என்பது நல்ல செய்திதான். ஆனாலும் தேய்மானமே இல்லாத ஓட்டம் என்று ஒன்றில்லை. மாசே படியாத வாழ்வை வேண்டுவதில் பயனில்லை. படிந்தது யாருடையது என்று கேட்கும் அறிவும், அது ஊறி இறங்குவதற்குள் கவனிக்கும் காலவுணர்வும், பூச்சைக் காயப்படுத்தாத கையும் நமக்கு வேண்டும். மூன்றும் பழக்கத்தால் வருபவை. ஆண்டுக்கு ஓரிரு முறை காருக்கு அதைச் செய்யப் பழகியிருக்கிறோம்.

பினாங்கிலும் பிறையிலும் கடையோ பட்டறையோ அலுவலகமோ நடத்தும் நம்மவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேலை கேட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம், எந்த அடுக்குமாடியில் இருக்கிறாய், அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகளைத் தள்ளி வையுங்கள். என்ன வேலை தெரியும் என்று முதலில் கேளுங்கள். தெரியாது என்றால், மூன்று மாதம் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள்.