சும்மா கிடைத்த சீட்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணினான். சர்வதேசக் கொள்கையில் முதுகலை படிக்க அமெரிக்காவில் இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று வாஷிங்டனில், பேர்பெற்ற இடம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தால்தான் போக முடியும். இன்னொன்றில் ஃபீஸ் கிடையாது, மாசச் செலவுக்கும் பணம் தருகிறார்கள். "இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றேன்.

"இருக்குண்ணே. சும்மா குடுத்தா பதிலுக்கு ஏதாவது செய்யணும்ல?"

இதே கேள்வி ஒருமுறை கோர்ட் வரை போயிருக்கிறது. 1961இல் சார்லஸ் ராபர்ட்சன், மேரி ராபர்ட்சன் தம்பதி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 35 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். மேரி, ஏ அண்ட் பி என்ற பெரிய மளிகைக்கடைச் சொத்தின் வாரிசு. மாணவர்களை அரசுப் பணிக்கு, முக்கியமாக அமெரிக்க அரசின் வெளியுறவு சார்ந்த வேலைகளுக்குத் தயார் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. 2002இல் அவர்கள் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள்: படித்து முடித்தவர்களில் அரசு வேலைக்குப் போனவர்கள் ரொம்பக் குறைவு, பணம் வேறெதற்கோ போகிறது என்று. பல்கலைக்கழகம் மறுத்தது. 2008 டிசம்பரில் சமரசம். மூல நிதி பிரின்ஸ்டனிடமே இருக்கும். அரசுப் பணிக்கு ஆள் தயார் செய்யும் புது அறக்கட்டளைக்கு 50 மில்லியன், குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 40 மில்லியன். (1961இல் கொடுத்ததே 35தான்!)

கொடுத்தவர் வீட்டுக்கும் வாங்கிய நிறுவனத்துக்கும் நடந்த சண்டை இது. அந்தப் பணத்தில் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவனை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றவும் முடியாது, அவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே. ஆனாலும் உப்பிட்டவரை நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு அதோடு விட்டுவிட வராது. உப்பிட்டவர் யார்? மேரியா? அவர் குடும்பத்துக் கடைகளில் சில்லறை எண்ணிக் காபித்தூள் வாங்கிய ஜனங்களா?

தம்பி விஷயத்தில் இன்னொரு சிக்கல். அமெரிக்கக் குடிமகன் இல்லாதவனுக்கு அங்கே மத்திய அரசு வேலை அனேகமாகக் கிடைக்காது. ராபர்ட்சன் மாதிரி ஒருவர் கேட்பதைச் செய்ய ஆசைப்பட்டாலும் அவனால் செய்ய முடியாது. அதனால் கடன் இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏதோ ஒரு நாட்டின் மீது போடும் பொருளாதாரத் தடையை ஒரு குறிப்பாக எழுதப் பழகப் போகிறான். அந்தத் தடையால் மருந்து கிடைக்காமல் அலைகிறவளை அவன் பார்க்கவே போவதில்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். அவளோ கேட்க வரமாட்டாள்.

லோன் போட்டுப் படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. நாளைக்கு ஆயுதக் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனாலும், "இஎம்ஐ இருக்குல்ல" என்று சொல்லிவிடலாம். கேட்டவரும் தலையாட்டிவிடுவார். சும்மா படித்தவனுக்கு அந்த பதில் இல்லை.

இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அப்ப லோன் போட்டா நிம்மதியா இருக்கலாம்ங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலடா."

"ஆனா அதான்ணே அர்த்தம்" என்றான்.

ஏப்ரல் 15க்குள் பதில் எழுத வேண்டுமாம். அவன் அப்பா பத்திரத்தை பீரோவிலிருந்து ஏற்கனவே எடுத்து வைத்துவிட்டார்.